ஐம்பதுக்குப் பின்னால் ஒரு ரயில்

வெள்ளிக்கிழமை விடியலில் அம்மன் கோயில் ஒலிபெருக்கி ஊரையே சீட்டாடக் கூப்பிட்டது.

மரக்காணத்தை ஒட்டிய அந்தக் குப்பத்தில் கிழக்கு வெளுப்பதற்கு முன்பே ஒலிபெருக்கியில் கோயில் மணி ஒலிக்கும். அடுத்து ஒரு பெண்ணின் குரல், "மணிக்கு... இருபது... கிலோமீட்டர்" என்று சொல்லும். கடலில் அன்றைக்கு அடிக்கப்போகிற காற்றின் வேகம் அது. முப்பது என்றால் யோசிப்பார்கள். நாற்பது என்றால் வயதானவர்கள் வலையைச் சுருட்டி வைத்துவிடுவார்கள். ஐம்பது என்றால் யாரும் போகமாட்டார்கள். அன்றைக்கு மணி ஒலித்தது, குரல் வரவில்லை. ஒரு துள்ளல் இசையும் அதன்மேல் ஓர் ஆணின் உற்சாகமும் வந்தன.

"ஹலோ நண்பா! வீட்டுல சும்மா இருக்கீங்களா? ரம்மி ஆடுங்க, லட்சம் லட்சமா அள்ளுங்க!"

டீசல் கேனைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனவர்கள் அப்படியே நின்றார்கள். ஒருவர் சிரித்துவிட்டார். கோயில் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண் கையில் மாவோடு எழுந்தாள். ஊர்த் தலைவரான நாட்டார் சின்னக்கண்ணு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே ஓடினார். ஒயரைப் பிடித்து ஒரே இழுப்பு. பாட்டு பாதியில் அறுந்தது.

"யார்ரா அது, ஆத்தா கோயில்ல குந்திக்கினு சீட்டாடக் கூப்புடறவன்?" என்று இருட்டைப் பார்த்துக் கத்தினார்.

இருட்டு பதில் சொல்லவில்லை. பதில் சொல்ல வேண்டியவள் இரண்டு வீடு தள்ளி, வாயில் பிரஷ்ஷோடு நின்றுகொண்டிருந்தாள்.

தமிழ்ச்செல்வி, பெரியதம்பியின் மகள். திண்டிவனத்தில் இணையதளம் செய்து தருகிற ஒரு சின்ன அலுவலகத்தில் அவளுக்கு வேலை. வானிலை விவரங்களை எடுத்து, தங்கள் குப்பத்துக்கு நேர் எதிரே கிடக்கிற கடலுக்கு மட்டும் காற்றைக் கணக்கிட்டு, அதை வாய்விட்டுச் சொல்லும் ஒரு வலைச் செயலியை அவள்தான் எழுதினாள். ஒரு பழைய டேப்லெட்டைக் கோயில் ஒலிபெருக்கியோடு இணைத்து வைத்ததும் அவள்தான். கணக்கிடும் பகுதி அவள் எழுதியது. பேசும் பகுதி மட்டும் அவளுடையது அல்ல.

வீட்டில் ஒரு விசேஷம் என்றால் எல்லாப் பாத்திரத்தையும் யாரும் புதிதாக வாங்குவதில்லை. பெரிய அண்டா ஒரு வீட்டிலிருந்து வரும், சாதம் வடிக்கும் கூடை இன்னொரு வீட்டிலிருந்து வரும். கம்ப்யூட்டரில் நிரல் எழுதுகிறவர்களும் அப்படித்தான். முன்பின் தெரியாத ஒருவர் எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் வைத்திருப்பதை எடுத்துத் தங்கள் செயலியில் சேர்த்துக்கொள்வார்கள். அதற்கு லைப்ரரி என்று பேர். செல்வி எடுத்த லைப்ரரி எண்களைத் தமிழில் பேசுவது. எழுதியவர் மணிமாறன், விழுப்புரம் என்று அதன் முதல் வரியில் இருந்தது. அதற்குக் கீழே, "யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பயன்பட்டால் ஒரு வரி எழுதுங்கள், அது போதும்" என்று இருந்தது.

செல்வி அதைப் படித்தாள். எழுத வேண்டும் என்று நினைத்தாள். நினைத்ததோடு சரி.

இரவல் அண்டாவைத் தூக்கிவந்து நம் வீட்டில் வைத்துக்கொள்வது ஒரு முறை. செல்வி அதையும் செய்யவில்லை. மணிமாறனின் இணைய முகவரியிலிருந்தே ஒவ்வொரு விடியலிலும் நேராக எடுத்துக்கொள்ளும்படி ஒரு வரி எழுதி விட்டிருந்தாள். அவர் எதையாவது திருத்தினால் இங்கேயும் தானாகத் திருந்திக்கொள்ளும் என்ற எண்ணம். அடுத்தவர் கிணற்றிலிருந்து குழாய் போட்டுக்கொண்ட மாதிரி.

வாயைக் கொப்பளித்துவிட்டுப் போனை எடுத்துப் பார்த்தாள். விளங்கிவிட்டது. மணிமாறன் அந்த முகவரியைப் பணம் கட்டிப் புதுப்பிக்காமல் விட்டிருந்தார். சூதாட்ட விளம்பரக்காரர்கள் யாரோ அதைப் பிடித்துக்கொண்டார்கள். கிணறு கைமாறிவிட்டது, குழாய் அப்படியே இருந்தது. அவள் குழாயைப் பிடுங்கிப் போட்டாள். மணிமாறனுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினாள். அவருடைய அஞ்சலும் அதே முகவரியில்தான் இருந்திருக்கிறது. போன வேகத்தில் திரும்பி வந்தது.

பெரியதம்பி கரையிலிருந்து வந்து வாசலில் கால் கழுவினார்.

"இன்னாம்மா செல்வி, உன் மெஷினு இன்னிக்கு ரம்மின்னுது. நாளைக்கு தாயம் ஆடக் கூப்புடுமா?"

"சிரிக்காதப்பா. நாளைக்கு விடியக்காத்தால காத்து ஐம்பது. நான் பாத்துட்டேன். நீ போவாத."

"நீ சொல்றது சரிதான்." அவர் துண்டால் காலைத் துடைத்தார். "ஆனா ரயில் கூவலையே."

அந்த ரயிலைப் பற்றிச் சொல்லவேண்டும். மணிமாறனின் லைப்ரரியில் இருந்த குரல் மெஷின் குரல் இல்லை. யாரோ ஓர் அம்மாள் ஒவ்வொரு எண்ணாகச் சொல்லிப் பதிவு செய்தது. எல்லா எண்ணும் சுத்தமாக இருக்கும், ஐம்பதைத் தவிர. "ஐம்பது" என்று அவர் சொல்லி முடித்ததும் பின்னால் ஒரு ரயில் நீளமாகக் கூவும். பதிவு செய்தபோது அந்தப் பக்கம் போயிருக்கிறது. செல்வி முதலில் அதை வெட்டி எடுக்கத்தான் நினைத்தாள். அதற்குள் ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. அலைச் சத்தத்தில் எண் காதில் விழாவிட்டாலும் கூவல் விழும். "ரயில் கூவிடுச்சுபா" என்றால் அன்றைக்குக் கடல் இல்லை. பிள்ளைகள்கூடப் பள்ளிக்கூடம் போக மனமில்லாத அன்றைக்கு, "எம்மா, ரயில் கூவிடுச்சு" என்று போர்வையை இழுத்துக்கொள்ளும்.

"கூவலைன்னா இன்னாப்பா? நான் சொல்றேன் இல்ல? மைக்கப் புடிச்சி நானே சொல்லிடறேன்."

"நீ சொன்னா மேலண்டத் தெருக்காரன் கேப்பானா? பெரியதம்பி பொண்ணு சொல்லுது, அவங்கப்பன் நாளைக்கு சோம்பேறித்தனமா படுக்கணும்னு சொல்லுதுன்னுவான். அவன் சொன்னா நம்ம தெரு கேக்காது. அந்தம்மா யாருக்கும் பங்காளி இல்ல, அதான் எல்லாரும் கேட்டுக்கினு இருந்தோம்."

"போனுக்கு மெசேஜ் வருதே, கடலுக்குப் போவாதீங்கன்னு?"

"அது தெனமும்தான் வருது. ஒரு வாரமா கையில மீனே இல்ல, நேத்து சாயந்திரம் கானாங்கத்த கூட்டமா தெரிஞ்சிது. விடிஞ்சா ஊரே எறங்கும். நான் மட்டும் கரையில குந்தியிருந்தா, பொண்ணு பேச்சுக்குப் பயந்துட்டான்டான்னு சிரிப்பானுங்க."

செல்விக்கு அப்பாவைத் தெரியும். ஊரோடு சேர்ந்து கரையில் இருப்பார், ஊரோடு சேர்ந்து கடலிலும் இருப்பார். நாளை விடியலில் அந்தக் குரலும் அந்த ரயிலும் திரும்பி வராவிட்டால் எல்லாப் படகும் ஐம்பது கிலோமீட்டர் காற்றுக்குள் போகும். முதல் படகு அப்பாவுடையதாகவே இருக்கும்.

"நான் விழுப்புரம் போயிட்டு வர்றேன்" என்றாள்.

அடுப்படியிலிருந்து அம்மா பவுனு எட்டிப் பார்த்தாள். "அந்தக் குரலு குடுத்தவரு விழுப்புரத்துக்காரரா? இத்தினி நாளா கேட்டுக்கினு இருக்கோமே, அவருக்கு எதுனா குடுத்தியா?"

"அது ஃப்ரீம்மா."

"ஃப்ரீன்னா? பக்கத்து வூட்டு அண்டாவும் ஃப்ரீதான். கழுவித் தொடச்சி, ஒரு புடி அரிசி போட்டுத்தானே திருப்பறோம்? வெறும் பாத்திரத்தை எவளாவது திருப்புவாளாடி?"

பவுனு ஒரு எவர்சில்வர் டப்பா நிறைய நெத்திலிக் கருவாட்டை அமுக்கி மூடி, மகளின் லேப்டாப் பைக்குள் திணித்தாள்.

திண்டிவனத்தில் பஸ் மாறும் வழியில் அலுவலகத்தில் ஏறி விஷயத்தைச் சொன்னாள். முதலாளி தேவநாதன் வல்லம் பக்கத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விதைக்கிற குடும்பத்திலிருந்து வந்தவர். கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்தார்.

"எவனோ எழுதினத எடுத்துப் போட்டா எவனோ ஒருத்தன்தான் வந்து பேசுவான்."

"ஃப்ரீயா கெடைக்குதா, ஜல்தியா போடுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"அது அன்னிக்கு." அவர் கொஞ்சம் இறங்கி வந்தார். "ஏன், பிரவுசர்லயே பேசற குரல் இருக்கே?"

போட்டுக் காட்டினாள். "மனிக்கு ஐம்பட்டு கிலோமீட்டர்" என்றது அது, மூக்கடைத்த வெளிநாட்டுக்காரர் மாதிரி. தேவநாதன் சிரிக்கக்கூடாது என்று பார்த்தும் முடியவில்லை.

"வேணாம், ஊரு சிரிச்சிக்கினே கடலுக்குப் போயிடும். நீ போ. உங்க நாட்டார் நம்பரக் குடு, ஒயர சொருக வைக்க நான் பேசறேன். வல்லத்துக்காரன் பேச ஆரம்பிச்சா எதிராளி தாங்கமாட்டான், சரின்னுடுவாரு."

விழுப்புரம் பஸ்ஸில் கண்டக்டர் மூக்கைச் சுருக்கினார். "யாரும்மா அது, வெள்ளிக்கிழம அதுவுமா கருவாடு?" செல்வி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பையை மடியில் வைத்து இறுக்கிக்கொண்டாலும் வாசனை இறுகுமா?

மணிமாறன் என்ற பேரை மட்டும் வைத்துக்கொண்டு விழுப்புரத்தில் ஆள் தேடுவது உப்பளத்தில் ஒரு உப்புக்கல்லைத் தேடுவதுபோல. ஆனால் அவளிடம் ரயில் இருந்தது. ரயில் கூவுவது கேட்கிற வீடு. தண்டவாளத்தைக் கடக்கும் கேட் பக்கமாகத்தான் இருக்கவேண்டும். அவள் போனில் பக்கத்து வீட்டுக் குழந்தை கரை விளக்கு வெளிச்சத்தில் மணலில் முதல் அடி எடுத்துவைத்த வீடியோ ஒன்று இருந்தது. அன்றைக்குக் காற்று ஐம்பது. குழந்தையின் சிரிப்புக்கும் அலைக்கும் பின்னால் தூரத்தில் அந்தக் குரல் கேட்கும், கூவலும் கேட்கும். அதிலிருந்து குரலை மட்டும் பிரித்தெடுக்க முடியாது. அடையாளம் கேட்க அது போதும்.

இரண்டு கேட்டில் விசாரித்துவிட்டு மூன்றாவதற்கு வந்தாள். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாதா கெபி, மாதா சிலை வைத்த சின்னக் குகைக் கோயில். அதன் எதிரே பூ விற்கும் அம்மாள் போனைக் காதில் வைத்துக் கேட்டாள். சவுரியம்மாள் என்று பிறகு பேர் சொன்னாள்.

"அய்ய, இது நம்ம டியூசன் டீச்சரு! லூர்துமேரி டீச்சரு! இவங்க எப்படி உன் போனுக்குள்ள பூந்தாங்க?"

பூக்கூடையை இன்னொருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு அவளே சந்துக்குள் கூட்டிக்கொண்டு போனாள். சின்ன ஓட்டு வீடு. சுவரில் பிள்ளைகள் எழுதிய வாய்ப்பாடு. டீச்சரின் கணவர்தான் மணிமாறன். எலக்ட்ரிக் கடை வேலையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்திருந்தார். செல்வி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் சோற்றுக் கையோடு உட்கார்ந்திருந்தார். "அந்த லைப்ரரிய நெசமாவே யாராவது யூஸ் பண்றாங்களா?"

"ஒரு ஊரே யூஸ் பண்ணுது சார்."

லூர்துமேரி சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நரை கலந்த தலை, கழுத்தில் ஜெபமாலை. "கணக்கு சொல்லிக் குடுக்கறதுக்குப் பதிஞ்சதும்மா அது" என்றார். "ஒரு ரயில் மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் சென்றால்னு வருமே, அந்தக் கணக்கு. பசங்க கேட்டுக் கேட்டுப் போடட்டும்னு. இவருதான் நாலு பேருக்கு ஒதவட்டும்னு நெட்ல வெச்சாரு. யாரும் ஒரு வரி எழுதல. கடைசியா ஒருத்தர் எழுதினாரு. கொரல்ல கிராமத்து வாடை அடிக்குது, பின்னால ரயில் சத்தம் வேற, நல்ல கொரலா மாத்துங்கன்னு."

"அதோட விட்டுட்டோம்" என்றார் மணிமாறன். "முகவரியப் புதுப்பிக்கச் சொல்லி வந்துக்கினே இருந்துச்சு. யாருக்காகன்னு விட்டுட்டேன்."

எழுதாமல் விட்டவர்களில் தானும் ஒருத்தி என்று செல்வி சொன்னாள். சொல்லிவிட்டு, வேறென்ன செய்வது என்று தெரியாமல், குழந்தை நடக்கிற வீடியோவைப் போட்டு லூர்துமேரியின் கையில் கொடுத்தாள்.

திரையில் குழந்தை ஆடி ஆடி நடந்தது. தூரத்தில், மணிக்கு... ஐம்பது... ரயில் கூவியது. குழந்தைக்குப் பின்னால் கரையில் இருந்த ஆட்கள் ஏதோ கத்திக்கொண்டு, தண்ணீரில் பாதி இறங்கிய படகுகளை மணலுக்கு ஏற்றினார்கள். ஒவ்வொரு படகாக, வரிசையாக.

லூர்துமேரி அதை மறுபடி போட்டார். மறுபடியும்.

"எங்கொரலக் கேட்டா கப்பலைத் திருப்பறாங்க?"

"கப்பல் இல்ல டீச்சர். ஃபைபர் போட்டு. எங்கப்பாவோடதும் அதுல இருக்கு."

"என்னங்க," லூர்துமேரி கணவரைப் பார்த்தார், "கிராமத்து வாடைன்னாரே அந்தாளு!" சிரித்துக்கொண்டே சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். கடவுள் ஒரு காரியத்துக்கென்று ஒருவருக்கு ஒரு குரலைக் கொடுத்தால், அதைக் கேட்கவேண்டிய காதுகளையும் எங்கேயாவது வைத்துத்தான் இருப்பார். இடையில் இருக்கிறவர்கள் ஒரு வார்த்தை சொல்லாததால்தான் இரண்டும் ஒன்றையொன்று அறியாமல் கிடக்கின்றன.

செல்வி நினைவு வந்தவளாக டப்பாவை எடுத்தாள். "அம்மா குடுத்தாங்க. கருவாடு. வெள்ளிக்கிழம சாப்புடுவீங்களோ மாட்டீங்களோ..."

"வெள்ளிக்கிழம எங்க வூட்ல கறிதாம்மா கூடாது. மீனு தாராளமா சாப்புடுவோம்."

ஒரு சிக்கல் இருந்தது. நிரல் மணிமாறனின் இன்னொரு மின்னஞ்சல் கணக்கில், ஒரு பழைய அஞ்சலின் இணைப்பில் பத்திரமாக இருந்தது. குரல் பதிவுகள் இருந்த கம்ப்யூட்டர் போன மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது போய்விட்டது. திரும்பப் பதிவு செய்யவேண்டும். மணிமாறன் கடைக்குப் போன் செய்து லீவு சொன்னார். ஜன்னலைச் சாத்தி, போர்வையைத் தொங்கவிட்டு, செல்வியின் லேப்டாப்பை வைத்து லூர்துமேரியை உட்காரவைத்தார்கள். மணிக்கு, கிலோமீட்டர், பத்து, இருபது, முப்பது, நாற்பது. குரல் முன்னைவிடக் கொஞ்சம் கனத்திருந்தது. அதே குரல்தான்.

"ஐம்பது" என்றார் லூர்துமேரி.

"இது வேணாம் டீச்சர். இதுல ரயில் இல்ல."

மணிமாறன் நிமிர்ந்தார். "ரயிலா? அந்த ரயில் சத்தத்துக்காக எவ்ளோ வெக்கப்பட்டோம்! இப்ப சுத்தமா வந்துருக்கு, அப்படியே விடும்மா."

செல்வி விளக்கினாள். அலைச் சத்தத்தில் சொல் தொலைந்துபோகும், கூவல் தொலையாது. ஊர் கேட்பது ஐம்பதை இல்லை, ரயிலை.

"அப்ப நெட்ல எங்கியாவது ஒரு ஹார்ன் சத்தம் எடுத்துப் போட்டுடலாமே?"

"சார், எங்கியோ ஒண்ண எடுத்துப் போட்டுத்தான் இன்னிக்குக் காலைல கோயில்ல ரம்மி ஓடிச்சு."

மணிமாறனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க ஊர்க்காரங்களுக்கு அந்தக் கூவல் தெரியும் சார்" என்றாள் அவள். "வேற ரயிலப் போட்டா இது நம்ம ரயில் இல்லன்னுடுவாங்க."

ஆகவே எல்லோரும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். கேட் போடும் நேரத்துக்குக் காத்திருந்தார்கள்.

முதலில் வந்தது கூட்ஸ் வண்டி. லூர்துமேரி "ஐம்பது" என்று சொன்ன அதே நொடியில் எதிர்வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. வண்டி முழுக்கப் போய் முடிகிற வரைக்கும் அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. பதிவில் குக்கரும் சிரிப்பும்தான் இருந்தன.

"இதப் போட்டா ஊரே சோறு வெந்துடுச்சுன்னு வூட்டுக்குப் போயிடும்" என்றார் மணிமாறன்.

சாயங்காலம் புதுச்சேரி போகிற பாசஞ்சர் வரும். அதை விட்டு அடுத்த வண்டிக்கு நின்றால் செல்வியின் கடைசி பஸ் போய்விடும். சவுரியம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சந்துக்குள் இறங்கினாள். வீடு வீடாகப் போய், "கடலுக்குப் போறவங்க உசுரும்மா, கொஞ்ச நேரம் சத்தம் போடாத இரு" என்றாள். எதற்கு, என்ன என்று யாரும் துருவிக் கேட்கவில்லை. எதிர்வீட்டுப் பெண் குக்கரை இறக்கினாள். மாவு அரைத்துக்கொண்டிருந்த கிரைண்டர் நின்றது. திருப்பத்தில் ஓர் ஆட்டோக்காரர் வண்டியை அணைத்துவிட்டு, பின்னால் ஹார்ன் அடித்தவரைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். டியூசனுக்கு வந்த பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு வரிசையாகத் தரையில் உட்கார்ந்தன. கடலே பார்க்காதவர்களும் அந்தச் சந்தில் இருந்தார்கள். முகம் தெரியாத படகுகளுக்காக ஒரு சந்து முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

கேட் இறங்கியது. தண்டவாளம் நடுங்கியது. செல்வி விரலால் சைகை காட்டினாள்.

"ஐம்பது" என்றார் லூர்துமேரி.

உடனே ரயில் கூவியது. நீளமாக, சந்தின் ஓடுகள் அதிர, முன்பு கேட்ட அதே கூவல். அது அடங்கும் முன்பே, பக்கத்தில் நின்றிருந்த சவுரியம்மாளுக்கு இதுவரை பிடித்து வைத்திருந்த மூச்சு தாங்கவில்லை.

"மாதாவே!" என்றாள், நெஞ்சில் கைவைத்து.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மணிமாறன் வெட்ட முயன்றார். கூவலின் வால்மேலேயே அந்தச் சொல் ஏறி உட்கார்ந்திருந்தது. சொல்லை வெட்டினால் கூவல் பாதியில் அறுந்தது.

"இருக்கட்டும் சார்" என்றாள் செல்வி. "பஸ்ஸுக்கு நேரமாச்சு."

இந்தத் தடவை குழாய் இல்லை. நிரலையும் குரலையும் தங்கள் சொந்த இடத்தில் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டாள். வேறு யார் கிணறு கைமாறினாலும் இனி அது மாறாது. முதல் வரியில் மணிமாறன் பேருக்குப் பக்கத்தில் லூர்துமேரி பேரையும் எழுதினாள். மற்றவர்கள் எடுத்துக்கொள்ள ஒரு புது முகவரிக்குத் தேவநாதனிடம் கேட்பதாகச் சொன்னாள். கிளம்பும்போது லூர்துமேரி கருவாட்டு டப்பாவைக் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். கனமாக இருந்தது. பஸ்ஸில் திறந்து பார்த்தாள். உள்ளே கேப்பை அடை, இன்னும் சூடாக.

வீட்டில் பவுனு டப்பாவைத் திறந்தாள். ஒரு அடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். "முருங்கக்கீர போட்டிருக்காங்க" என்றாள். "நல்ல குடும்பம்."

மறுநாள் விடியலில் கோயிலில் சின்னக்கண்ணு ஒயரைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"உங்க ஓனரு அரை மணி நேரம் பேசினாரு, பேஜாராப் போச்சு, அதுக்கோசரம் சொருகறேன்" என்றார் செல்வியிடம். "மறுபடி சீட்டாடக் கூப்புட்டுச்சு, மெஷினு கடல்லதான்."

வெளியே கரையில் படகுகள் தண்ணீருக்குப் பக்கத்தில் இருந்தன. வானத்தில் நட்சத்திரம் தெரிந்தது. காற்று இன்னும் வரவில்லை, கடல் ஒன்றும் அறியாததுபோல் கிடந்தது. பெரியதம்பி மற்றவர்களோடு சேர்ந்து படகில் தோள் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார். முன்பகுதி ஏற்கனவே நனைந்துவிட்டது. செல்வி அம்மனைப் பார்த்துக் கும்பிட்டாள். என்ன வேண்டுவது என்று தெரியவில்லை. சும்மா கும்பிட்டாள்.

மணி ஒலித்தது. சின்னக்கண்ணுவின் விரல்கள் ஒயரில் இறுகின.

"மணிக்கு... ஐம்பது..."

ரயில் கூவியது. இருட்டில், மணல்மேல், கடல்மேல் அது நீண்டு போனது. அதன் முடிவில் அம்மன் கோயில் ஒலிபெருக்கியிலிருந்து ஒரு பெண் உள்ளம் உருகி, "மாதாவே!" என்றாள்.

கரையில் யாரும் அசையவில்லை. சின்னக்கண்ணு ஒயரையும் அம்மனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாரும்மா அது?" என்றார் அவர்.

"பூ விக்கிறவங்க, தாத்தா. நம்ம போட்டுக்கோசரம் மூச்ச அடக்கிக்கினு நின்னாங்க. முடியல."

சின்னக்கண்ணு ஒயரை விட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டார். "ஆத்தாவக் கூப்புட்டிருக்கா. எந்தப் பேர்ல கூப்புட்டா இன்னா?"

கரையில் பெரியதம்பியின் குரல் கேட்டது. "ரயில் கூவிடுச்சுபா! ஏத்து, ஏத்து!"

மேலண்டத் தெருவிலிருந்தும் அதே சத்தம் வந்தது. நனைந்த படகுகளை மணலுக்கு ஏற்றினார்கள். யாரோ ஒரு பையன் அதற்குள்ளாகவே நெஞ்சில் கைவைத்து, "மாதாவே!" என்று சொல்லிக் காட்டினான். கூட இழுத்தவர்கள் சிரித்தார்கள். வெயில் ஏறுவதற்கு முன் காற்று வந்தது. தென்னைகளை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, மத்தியானம் வரை விடவில்லை.

பெரியதம்பி கதவை உள்பக்கம் சாத்திவிட்டு, கேப்பை அடையில் கடைசித் துண்டைச் சாப்பிட்டார். செல்வி சுவரோரம் உட்கார்ந்து போனை எடுத்தாள். எழுதாமல் வைத்திருந்த ஒரு வரியை எழுதினாள்.

"டீச்சர், எல்லாப் படகும் கரையில இருக்கு."